வெட்டாமல் விட்ட காய்

குடியாத்தம்,
16-6-1981

பெறுநர்:
தலைவர்,
அருணைச் சிறுவர் மாலைக் கழகம்,
திருவூடல் தெரு, திருவண்ணாமலை.

ஐயா,

அ. ராஜமாணிக்கம் ஆகிய நான், வயது ஐம்பது, குடியாத்தம் முன்சீப் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராகப் பணிபுரிபவன். தங்கள் கழகத்தின் விதிகளை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிக் கொடுத்தவன். சந்திரகலா என்னும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தகப்பன். இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. இத்துடன் பார்சலில் வரும் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கழகம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. என் மகளைக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

சென்ற ஞாயிறன்று, ஊனமுற்றோர் ஆண்டை முன்னிட்டுத் தாங்கள் நடத்திய விழாவில் நானும் இருந்தேன். விழா, கழகத்தின் கூடத்தில், அதாவது ஜவுளிக் கடையின் மாடியில் நடைபெற்றது. அந்த மாடிப் படிகளின் செங்குத்து தாங்கள் அறியாததன்று. நடக்க இயலாத குழந்தைகளைக் கௌரவிப்பதற்கு, அவர்களால் ஏற இயலாத ஓரிடத்தை ஊர் முழுதும் தேடிப் பிடித்ததுபோல் இருந்தது. வந்திருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. தங்கள் மில்லில் மூட்டை தூக்கும் கண்ணாயிரம் என் மகளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினார். இளம்பிள்ளை வாதம் அவள் கால்களை எடுத்துக்கொண்டது, வயதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தன் பாவாடையை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியபடி போனாள்.

மேடையில் அவளுக்கு ஒரு பரிசு வழங்கப்பட்டது. எந்தப் போட்டிக்காக? அவள் எதிலும் கலந்துகொள்ளவில்லை; கலந்துகொள்ள அவளை எவரும் அழைத்ததுமில்லை. அந்தப் பாத்திரத்தின் மூடியில் "ஊனமுற்ற செல்வி ரா. சந்திரகலாவுக்கு அன்பளிப்பு" என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். மறுநாள் விடியலில் நான் பேருந்துக்குக் கிளம்பியபோது, அவள் கிணற்றடியில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு அந்த மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் துலக்குகிறாள் என்று நினைத்தேன். அருகில் சென்று பார்த்தபோது, முதற் சொல்லை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் விதி, "திருவண்ணாமலை நகரில் பயிலும், பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள எந்தச் சிறுவரும் சிறுமியரும்" உறுப்பினராகலாம் என்கிறது. அதில் கால்களைப் பற்றிய குறிப்பு ஏதுமில்லை. அவள் கேரம் ஆட விரும்புகிறாள். ஆவன செய்யக் கோருகிறேன்.

இங்ஙனம்,
அ. ராஜமாணிக்கம்


திருவண்ணாமலை,
21-6-81

அன்புள்ள மாமாவுக்கு, சகாதேவன் எழுதியது. இங்கு நான், உங்கள் தங்கச்சி மணியம்மாள், சரோஜா எல்லாரும் சுகம்.

இதை நானே எழுதுறேன். மில் கணக்குப்பிள்ளைகிட்ட சொல்லி எழுதினா விஷயம் கோபுரம் வரைக்கும் போயிடும். "பெறுநர், தலைவர்"னு எனக்கா மாமா கடுதாசி? உங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா உங்க பக்கத்துல நின்னவன் நான். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல நாலு வீடு. நீங்க ஐயான்னு போட்டு, இங்ஙனம்னு முடிக்கிறீங்க. பார்சலை மில்லுல எல்லாரும் பார்க்கப் பிரிச்சேன், ஏதோ பலகாரம்னு நெனச்சு. கண்ணாயிரம் கூட, "மொதலாளி, இது நாம குடுத்ததாச்சே"ன்னான். என் மூஞ்சிய எங்க வச்சிக்கறது?

நல்லது பண்ணணும்னு தான் பண்ணேன். பெயர் வெட்டறவன் அப்படி வெட்டிட்டான், நான் கவனிக்கல. அதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா பாப்பாவை மேடையேத்தினது தப்புன்னு சொன்னா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. அது எனக்கும் பொண்ணு தான்.

ஆட்டத்துல சேர்க்கறதுக்கு வரேன். கேரம்ல எட்டி அடிக்கணும். கால் ஊன்ற பலம் இல்லாம எட்டினா ஸ்டூல் கவுந்துக்கும். விழுந்தா யார் பதில் சொல்றது? நான் அக்கா மூஞ்சியில முழிக்கணும். ஒண்ணு செய்யலாம். தினம் கண்ணாயிரத்தை அனுப்பறேன், தூக்கிட்டுப் போவான். பாப்பா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். காசு ஒண்ணும் வேணாம். நம்ம புள்ளைக்கு எதுக்குக் காசு?

கோவத்தைக் கம்மி பண்ணிக்குங்க. ரத்தக் கொதிப்பு உடம்பு.

சகாதேவன்


குடியாத்தம்,
25-6-1981

அன்புள்ள சகாதேவனுக்கு ஆசி.

"ஐயா" என்று எழுதியது உன்னை வருத்தியிருந்தால் அச்சொல்லை நீக்கிக்கொள்கிறேன். கடிதத்தின் ஏனைய பகுதிகளை நீக்கிக்கொள்வதற்கில்லை.

காசு வேண்டாம் என்கிறாய். அங்கேதான் நாம் வேறுபடுகிறோம். ஒரு நீதிமன்றத் தலைமை எழுத்தரின் மகளால் மாதச் சந்தா கட்ட முடியும், அவள் கட்டுவாள். கோயில் வாசலில் பூக்கட்டும் பாஞ்சாலையின் மகன் முருகையனால் கட்ட முடியாது. அவனுக்குக் காது கேளாது என்பதால் அன்று, அவன் தாய்க்கு வருமானமில்லை என்பதால். விழாவில் அவனுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தீர்கள். அதற்குப் பதிலாகப் பதினோராம் விதியின்படி அவன் சந்தாவைத் தள்ளுபடி செய்திருந்தால் அவன் இந்நேரம் ஆடிக்கொண்டிருப்பான். இல்லாதவனுக்குச் சலுகை வேண்டும். முடியாதவனுக்கு வழி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து அன்பளிப்பு என்று பெயர் சூட்டினால் இருவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்கிறாய். சென்ற ஆண்டு உன் மகள் சரோஜா கழகத்தில் கயிறு தாண்டும்போது விழுந்து முன்பல் உடைந்தது. யார் பதில் சொன்னார்கள்? எவரும் கேட்கவுமில்லை. விழுகிற உரிமை சரோஜாவுக்கு இருக்கிறது. சந்திரகலாவுக்கு முதுகுச் சாய்வுள்ள நாற்காலி ஒன்று போதும். அதை நானே வாங்கித் தருகிறேன்.

வேங்கிக்கால் சாலையில் இருக்கும் உன் மில்லின் வாசலில், மூட்டை வண்டி தடையின்றி ஏறுவதற்காகச் சிமெண்டில் ஒரு சரிவு கட்டியிருக்கிறாய். நெல்லுக்குப் படியேறத் தெரியாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கழகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்று என்று கேட்பது அதைவிடப் பெரிய கோரிக்கையன்று.

அ. ராஜமாணிக்கம்


திருவண்ணாமலை,
2-7-81

அன்புள்ள மாமாவுக்கு,

நெல்லு மூட்டையையும் பாப்பாவையும் ஒண்ணா வச்சுப் பேசிட்டீங்க. படிச்சவங்க, எப்படி வேணா பேசலாம்.

தரைத்தளம் தரைத்தளம்னு எழுதறீங்க. அந்த மாடிய ஜவுளிக் கடைக்காரர் நம்ம மேல இருக்கற மரியாதைக்குச் சல்லிசா விட்டிருக்கார். கீழ ஒரு ரூம் எடுக்கணும்னா வாடகை அதுக்கு மூணு மடங்கு. எங்க போறது? சந்தாவை ஏத்தணும். ஏத்தினா எந்தப் புள்ளைங்க நிக்கும்? நீங்க சொன்ன அந்தப் பாஞ்சாலை மாதிரி வீட்டுப் புள்ளைங்க தான். ஒரு புள்ள உள்ள வரதுக்கு நாலு புள்ள வெளிய போகணும்னா அது மட்டும் எந்த விதியில இருக்குது?

கமிட்டியில இதை வச்சேன். கடைக்கார சடையன், "உங்க மாமா கோர்ட்டுல இருக்காருன்னா கழகத்தையும் கோர்ட்டாக்கப் பார்க்கறாரா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. ஆனா பதிலும் சொல்லல, அதையும் சொல்லிடறேன்.

கடைசியா இதான் முடிவு. கழகம் மாடியிலயே இருக்கும். பாப்பாவைச் சேர்த்துக்கறோம், சந்தா வாங்கிக்கறோம், நாற்காலி அனுப்புங்க. முருகையனுக்குப் பதினொண்ணாம் விதிப்படி தள்ளுபடி. ஆவணியில கேரம் போட்டி வருது, அதுலயும் பாப்பா பெயரை எழுதிட்டேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல மாமா.

கண்ணாயிரம் தூக்கிட்டுப் போவான்.

சகாதேவன்


குடியாத்தம்,
28-7-1981

சகாதேவனுக்கு,

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன் வீட்டு வாசலைக் கடந்துதான் கடைத்தெருவுக்குப் போனேன், உள்ளே வரவில்லை. நீ ஜன்னலருகில் நின்றதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பார்த்தேன்.

உள்ளே வராததற்குக் காரணம் இது. சந்திரகலா கண்ணாயிரத்தின் தோளில் ஏற மறுத்துவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். பிறகு எப்படி மாடிக்குப் போகிறாள் என்பது தெரியுமா? எனக்கும் தெரியாதிருந்தது, உன் அக்கா தங்கம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பள்ளி விட்டவுடன், மற்றப் பிள்ளைகள் வருமுன், ரிக்ஷாவில் அங்கே போய்விடுகிறாள். படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி முதற் படியில் உட்காருகிறாள். பின்னாலிருக்கும் படியில் கைகளை ஊன்றி உடம்பை மேலே தூக்கி வைக்கிறாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்கிறாள். இப்படியே உச்சி வரைக்கும். ஊன்றுகோலைக் கண்ணாயிரம் எடுத்துக்கொண்டு பின்னால் போகிறார். அவள் சொல்லியிருப்பதால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். பாவாடை பின்புறம் அழுக்காகிறது என்பதற்காகத் தங்கம்மாள் கறுப்புத் துணியில் இரண்டு பாவாடைகள் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நம் இரு குடும்பங்களும் சேர்ந்து இதுவரை கண்டுபிடித்திருக்கும் தீர்வு அந்தக் கறுப்புத் துணி ஒன்றுதான்.

இன்னொன்று. கழகச் சந்தாவைக் காட்டிலும் ரிக்ஷாவுக்குப் பல மடங்கு ஆகிறது. சந்தாவைத் தள்ளுபடி செய்வதாக நீ சொன்னாய். வேண்டாம் என்று நான் சொன்னேன். எந்தச் செலவைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உனக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே வேறொரு வழி தேடியிருக்கிறேன். அவள் படிக்கும் பள்ளியின் தாழ்வாரம் மாலை நான்கரை மணிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. படிகள் இல்லை, வாடகை இல்லை. ரிக்ஷாவும் வேண்டியதில்லை, பள்ளி முடிந்ததும் அவள் அங்கேயே இருப்பாள். கேரம் பலகைகளைக் கீழே இறக்கி அங்கே கொண்டுபோக ஒரு கைவண்டி போதும். தலைமையாசிரியரைச் சந்தித்தேன். "நல்ல காரியம் தாங்க. ஆனா மேலிடத்து அனுமதி இல்லாம நான் சாவி தர முடியாது" என்றார். மேலிடத்துக்கு எழுதினேன். தலைமையாசிரியரின் பரிந்துரையோடு வரவும் என்று திருப்பி அனுப்பினார்கள். தலைமையாசிரியரோ, மேலிடம் கேட்டால்தான் பரிந்துரைப்பாராம். வாழ்நாள் முழுதும் விதிகளின் பக்கமே நின்றவன் நான். விதி ஒரு கதவு என்று நினைத்திருந்தேன். இருவர் இரு பக்கமும் நின்று, நீ திற, நீ திற என்று சொல்லிக்கொண்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கழகத் தலைவர் என்ற முறையில் நீயும் ஒரு விண்ணப்பம் எழுது. நான் எழுதினால் ஒரு தகப்பனின் புலம்பல். நீ எழுதினால் ஒரு கழகத்தின் கோரிக்கை.

அ. ராஜமாணிக்கம்


திருவண்ணாமலை,
1-9-81

அன்புள்ள மாமாவுக்கு,

சந்தோஷ சமாசாரம். நேத்து ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், கை ஓடல. நம்ம சந்திரகலா கேரம் போட்டியில மொதல் பரிசு! ஞாயித்துக்கெழமை நீங்க வருவீங்கன்னு பார்த்தோம். ஜட்ஜு இன்ஸ்பெக்‌ஷன்னு அக்கா சொன்னாங்க.

மொத ஆட்டம் ஆட வேண்டிய கன்னியம்மாளுக்குக் காய்ச்சல், வரல. அதுல பாப்பா ஆடாமலே மேல போயிடுச்சு. ரெண்டாவது ஆட்டம் சடையன் மகளோட. அந்தப் பொண்ணு கடைசியில பாப்பாவோட காயையே குழியில தள்ளிடுச்சு, ஆட்டம் முடிஞ்சுது. இறுதி ஆட்டம் யாரோடன்னு நெனைக்கறீங்க? எங்க சரோஜாவோட தான்! போன வருஷத்து சாம்பியன். என்னா ஆட்டம் மாமா! சரோஜா சிவப்புக் காயைப் போட்டுட்டு, அதுக்குத் துணைக் காய் போடத் தவறிட்டுது. மூணு தடவை ஸ்டிரைக்கர் குழிக்குள்ள போச்சு. பாப்பா பொறுமையா ஆடிச்சு. கைதட்டல் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

முருகையனும் ஆடினான். மொத சுத்துலயே தோத்துட்டுப் பலகைய ஒரு குத்து குத்திட்டுப் போனான், ராஸ்கல். மறுநாளே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கான்.

கோப்பை என்கிட்ட இருக்குது. பெயர் வெட்டி அனுப்பறேன். இந்தத் தடவை பெயரை மட்டும் தான் வெட்டச் சொல்லுவேன், பயப்படாதீங்க.

ஸ்கூல் தாழ்வாரத்துக்கு மனு எழுதிப் போட்டிருக்கேன். பதில் இல்ல. இனிமே அதுக்கு அவசரமும் இல்லன்னு நெனைக்கறேன். மாடி ஏறித்தானே பாப்பா ஜெயிச்சுது?

சகாதேவன்


குடியாத்தம்,
3-9-1981

சகாதேவனுக்கு,

உன் கடிதத்தை மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கினேன். படித்து முடிக்கும்போது அந்த மகிழ்ச்சி இல்லை. பதினெட்டு ஆண்டுகளாகச் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் படித்து ஒழுங்குபடுத்துவது என் வேலை. உன் கடிதமும் ஒரு வாக்குமூலம்தான். சொன்னவை எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன.

கன்னியம்மாளுக்குக் காய்ச்சல். ஞாயிறு காலை அவள் தங்கம்மாளிடம் தயிர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாக அன்று போட்டிக்குப் புறப்படுமுன் வீட்டில் எழுதிய கடிதம் சொல்கிறது. சடையனின் மகள், ஆட்டத்தின் முடிவில் எதிரியின் கடைசிக் காயைத் தானே குழியில் போட்டிருக்கிறாள். சரோஜா மூன்று முறை ஸ்டிரைக்கரைக் குழியில் விட்டிருக்கிறாள். சென்ற பொங்கலன்று உன் வீட்டில் அவள் என்னோடும் உன்னோடும் ஆடியபோது ஒருமுறைகூட விடவில்லை. நான் விட்டதற்குச் சிரித்தாள். பெற்ற மகள் தோற்றதை ஒரு தகப்பன் இவ்வளவு குதூகலமாக எழுதுகிறான். வென்ற பெண்ணைப் பற்றி, அவள் சிரித்தாள் என்றோ கோப்பையை வாங்கினாள் என்றோ ஒரு சொல் இல்லை. நாலு வீடு தள்ளியிருக்கும் அவளிடம் இருக்க வேண்டிய கோப்பை உன்னிடம் இருக்கிறது.

போட்டிக்கு வந்த பிள்ளைகளுள், ஆடியதற்கு உரியதைப் பெற்றவன் முருகையன் ஒருவன் மட்டுமே என்று தோன்றுகிறது. அவன் தோற்றான். கோபித்துக்கொண்டான். மறுநாள் வந்தான்.

நேரடியாகவே கேட்கிறேன். விட்டுக்கொடுக்கும்படி அந்தப் பெண்களிடம் நீ சொன்னாயா? ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்று போதும்.

அ. ராஜமாணிக்கம்


திருவண்ணாமலை,
6-9-81

மாமா,

ஆம்.

இது போதும்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் போதாது. மிச்சத்தையும் கேளுங்க.

பாப்பா படியில உட்கார்ந்து ஏறுதுன்னு நீங்க எழுதின கடுதாசி வந்த அன்னிக்கு, நான் போய் எதிர்க் கடையில மறைஞ்சு நின்னு பார்த்தேன். ராத்திரி சோறு எறங்கல. இவ்ளோ கஷ்டப்பட்டு ஏறி வந்து மொத ஆட்டத்துல தோத்துட்டுப் போச்சுன்னா? என்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன். அதான் பொண்ணுங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். முருகையன் ஆட்டத்துல சொல்லல. அவனுக்குக் காது தானே கேக்காது, கை நல்லாத்தானே இருக்குதுன்னு விட்டுட்டேன். இதுலயும் நான் தப்பு, தெரியுது.

இறுதி ஆட்டத்துல நடந்ததை நான் எழுதல. மூணாவது தடவை சரோஜா ஸ்டிரைக்கரைக் குழியில விட்டதும், பாப்பா பலகை மேல ரெண்டு கையையும் விரிச்சு வச்சிடுச்சு.

"ஏய் சரோஜா, உனக்கு இன்னா, கை சுளுக்கா?"

"இல்லடி. தவறிப் போச்சு."

"மூணு வாட்டியுமா? ஒழுங்கா ஆடுடி. இல்லன்னா எழுந்து போ."

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்துட்டு அழ ஆரம்பிச்சிடுச்சு. "எங்கப்பா தான்டி வுட்டுக்குடுன்னு சொன்னாரு. எனக்கு மட்டும் ஆசையா?"ன்னுச்சு. கூடம் பூரா ஜனம். பாப்பா என்னைப் பார்த்து, "ஏன் மாமா, நான் தோத்தா உங்களுக்கு இன்னா போவுது?"ன்னு கேட்டுச்சு. மறுபடியும் மொதல்லருந்து ஆடணும்னுச்சு. பரிசு குடுக்க வந்தவர் கடிகாரத்தைப் பார்க்கறார். நான் அவசரத்துல கோப்பையை எடுத்து பாப்பா மடியில வச்சுட்டேன். அது கோப்பையோட நாற்காலியை விட்டு எறங்கிச்சு. கோப்பையை மேல் படியில வச்சுட்டு, எல்லாரும் பார்க்கவே, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியா எறங்கிப் போச்சு. கூட்டம் அதைத் தாண்டிப் போக முடியாம மேலயே நின்னுச்சு. அதுலருந்து கழகத்துக்கு வரல. சரோஜா என்கிட்ட பேசல. அக்கா எனக்குக் கதவைத் திறக்கல.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க, இல்ல கோவிச்சுக்குங்க, எனக்குக் கவலை இல்ல.

உங்க வீட்டுக் கூடத்துல பாப்பாவுக்காக நீங்க சுண்ணாம்புல போட்டு வச்சீங்களே தாயக் கட்டம், அதைப் போட்டிக்கு மறுநாள் பாப்பா ஈரத் துணியால தொடச்சு எடுத்துட்டுதாம். ஏண்டின்னு அக்கா கேட்டிருக்காங்க. "அப்பாவும் மாமா மாதிரி தான். என் காயை வெட்டவே மாட்டாரு. வெட்ட விழுந்தா, எங்கியோ பாக்கற மாதிரி பாத்துட்டு வேற காயை நகத்துவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கறாரு"ன்னு சொல்லிச்சாம். மணியம்மாள் போயிருந்தப்ப காது குடுத்துக் கேட்டுட்டு வந்தா.

நான் ஒரு நாள் பண்ணேன். நீங்க வருஷக் கணக்கா பண்ணீங்க. அதுக்கு எந்த விதி மாமா?

சகாதேவன்


குடியாத்தம்,
9-9-1981

அன்புள்ள சகாதேவனுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு முதலில் ஒரு மறுப்பு எழுதினேன். வீட்டில் ஆடும் ஆட்டம் போட்டியாகாது, அதில் பரிசில்லை, தகப்பன் மகளோடு ஆடுவதற்குக் கழகத்தின் விதிகள் பொருந்தா. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். கிழித்துவிட்டேன்.

பள்ளித் தாழ்வாரத்துக்கான உன் விண்ணப்பத்துக்கு வந்த பதிலின் நகல் ஒன்று எனக்கும் வந்திருக்கிறது. கேரம் ஆடுவது கல்வி சார்ந்த பணியன்று என்பதால் பரிசீலிக்க இயலாதாம். அதே தாழ்வாரத்தில் சென்ற மாதம் ஒரு திருமண விருந்து நடந்ததாகத் தங்கம்மாள் எழுதியிருக்கிறாள். திருமண விருந்து எந்தப் பாடத்தைச் சார்ந்தது என்று நான் கேட்டு எழுதப் போவதில்லை. எழுதி எழுதி என் பேனா முனைதான் தேய்ந்தது. அந்தப் படிகளில் ஒன்றுகூடத் தேயவில்லை.

நீயும் நானும் மூன்று மாதங்களாக அவளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. உனக்கு அவள் தோற்றுவிடுவாளோ என்ற பயம். எனக்கு அவள் வெல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். இரண்டும் ஒன்றுதான், நான் அதற்கு விதி எண் போட்டு எழுதினேன், நீ எவர்சில்வரில் வெட்டிக் கொடுத்தாய்.

இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன்.

ஈட்டிய விடுப்பில் பதினைந்து நாள் எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன். முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன்; மணியம்மாளைச் சோறு வைக்கச் சொல். சரோஜாவிடம் நான் தனியாகப் பேச வேண்டும். அந்தப் பிள்ளை செய்யாத குற்றத்துக்கு ஊர் நடுவில் அழுதிருக்கிறது.

ஒன்பதாம் விதியின்படி, கழகத்தின் சிறப்புக் கூட்டத்தை ஞாயிறு மாலை கூட்டும்படி உறுப்பினர் ஒருவரின் பெற்றோர் என்ற முறையில் கோருகிறேன். கூட்டம் மாடியில் நடைபெறாது. உறுப்பினர் அனைவரும் வந்து சேரக்கூடிய இடத்தில் நடைபெற வேண்டும் என்பது அந்த விதியின் இரண்டாம் வரி. அதை எழுதியபோது நான் என்ன நினைத்தேன் என்பது நினைவில்லை. இப்போது என்ன நினைக்கிறேன் என்பது தெரியும். படிக்கட்டின் அடியில், தெருவில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவேன். சடையன் முதலானோர் இறங்கி வரட்டும். உன் மில்லின் பழைய கொட்டகையா, வேறொரு வீட்டுக் கூடமா, அந்தத் தெருவேதானா என்பதைப் பிள்ளைகளையும் கேட்டு அங்கே முடிவு செய்வோம். முடிவாகும் வரை என் வீட்டுக் கூடம் திறந்திருக்கும். வாசலில் இரண்டு படிகள் இருக்கின்றன. உன் மில் சரிவைக் கட்டிய கொத்தனாரைச் சனிக்கிழமை காலையில் அனுப்பு. முருகையனையும் வரச் சொல். முடியுமானால் அவன் என்னைத் தோற்கடிக்கட்டும்.

கோப்பையைக் கொண்டுவா. பெயர் வெட்டாதே. அந்த இறுதி ஆட்டம் இன்னும் முடியவில்லை.

இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காரியங்கள். வெள்ளிக்கிழமை, உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் என் வீட்டுக்குப் போவேன். கூடத்தில் சுண்ணாம்பால் மீண்டும் தாயக் கட்டம் போடுவேன். அவளை ஆட அழைப்பேன். அவள் வருவாளா என்பது எனக்குத் தெரியாது. வராவிட்டால் மறுநாளும் அழைப்பேன்.

வந்தால், ஆடுவேன். தாயம் விழுந்து, அவள் காய் என் காய்க்கு அடுத்த கட்டத்தில் நின்றால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டுவேன்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்